டிவிடி டிரைவை ஷேர் போட்டால் ரைட் ஆகாது

லேப்டாப்பில் டிவிடி ரைட்டர் இல்லை, மாடியில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பில் இருக்கிறது, ரெண்டும் ஒரே வைஃபைதான், அந்த டிரைவை ஷேர் போட்டு இங்கிருந்தே ரைட் பண்ண முடியாதா? கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற என்னிடம் இன்றைக்கும் வருகிற கேள்வி இது. சிசிடிவி காட்சியை வக்கீல் சிடியில் கேட்பார், கல்யாண வீடியோவைப் பெரியம்மா டிவிடியில்தான் பார்ப்பார்.

முடியாது. விண்டோஸில் டிரைவை ஷேர் செய்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் படிக்கலாம், அவ்வளவுதான். ரைட் செய்வதற்கு லேசரை எவ்வளவு சக்தியில் விடுவது, எங்கே தொடங்குவது, எங்கே முடித்து டிஸ்க்கை மூடுவது என்று சாஃப்ட்வேர் டிரைவோடு நேரடியாகப் பேச வேண்டும். ஷேரிங்கோ ஃபைலைக் கொடு, ஃபைலை வாங்கு என்பதற்கு மேல் எதையும் கடத்தாது. ஆப்பிள் 2008-இல் டிஸ்க் டிரைவ் இல்லாத மேக்புக் ஏரை விட்டபோது, வேறு கம்ப்யூட்டரின் டிரைவைக் கடன் வாங்க ஒரு வசதி கொடுத்தது. அதிலும் படிக்க மட்டும்தான். டிரைவையே நெட்வொர்க்கில் ஒப்படைக்கிற ஐஸ்கஸி மாதிரி வழிகள் உண்டு, வீட்டுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை.

எனக்குக் கவலை வேறு. ரைட் ஆகவில்லை என்றதும் பெர்மிஷன்தான் சிக்கல் என்று நினைத்து, எவ்ரிஒன் என்பதற்கு ஃபுல் கன்ட்ரோல், பாஸ்வேர்டு ஷேரிங் ஆஃப், அப்புறம் எங்கோ வீடியோவில் சொன்னார்கள் என்று எஸ்எம்பி 1 என்கிற பழைய ஷேரிங் முறையும் ஆன் என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார்கள். டிஸ்க் அப்போதும் ரைட் ஆகாது. திறந்ததை யாரும் மூடுவதும் இல்லை. வேறு ஏதோ கோளாறு என்று மெஷின் என்னிடம் வரும்போது பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கின் டி டிரைவ் முழுக்க ஷேரில் இருக்கும், ஆதார் ஸ்கேன், பத்திர நகல் எல்லாம் அதில்தான். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது இந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான்.

சரி, என்ன செய்வது? டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு காலி ஃபோல்டரை மட்டும் பாஸ்வேர்டோடு ஷேர் போடுங்கள். லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை அதில் காப்பி செய்துவிட்டு, டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தே ரைட் செய்யுங்கள். லேப்டாப்பிலிருந்தே டெஸ்க்டாப்பின் திரையை இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பிலும் முயன்று பார்க்கலாம், எல்லா மெஷினிலும் ரைட் ஆகும் என்று சொல்ல முடியாது; அதற்கும் அந்த மெஷினில் விண்டோஸ் ப்ரோ இருக்க வேண்டும், ஹோம் என்றால் உள்ளே விடாது. எப்படியும் காலி டிஸ்க்கைப் போட யாராவது மாடி ஏறித்தானே ஆக வேண்டும்!

ஷேர் ஃபோல்டர் லேப்டாப்பில் இருக்க, அதிலிருந்து நேராக ரைட் கொடுக்காதீர்கள். 16 எக்ஸ் வேகத்தில் டிவிடிக்கு நொடிக்குச் சுமார் 22 எம்பி வேண்டும். 100 எம்பிபிஎஸ் கேபிளே அதிகபட்சம் 12 எம்பிதான் தரும், வைஃபை எப்போது தடுமாறும் என்று சொல்ல முடியாது. 4.7 ஜிபி டிவிடி விண்டோஸ் கணக்கில் 4.38 ஜிபிதான் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் போட்டதும் யுஎஸ்பி பென் டிரைவ் மாதிரியா, சிடி/டிவிடி பிளேயருக்கா என்று விண்டோஸ் கேட்கும். வக்கீலுக்கோ பெரியம்மாவுக்கோ கொடுப்பதென்றால் இரண்டாவது. டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக இருக்கிற ஐஎஸ்ஓ இமேஜாக இருந்தால் ரைட் கிளிக் செய்து பர்ன் கொடுங்கள், சரியாகப் பதிந்ததா என்று பார்க்கிற வெரிஃபை டிக்கையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.