அகார் தட்டுல முளைக்காத கிருமி

மரச்சீனிக்கிழங்க நறுக்கி அதுல ரெண்டு சொட்டு அயோடின் விட்டா நீலக்கறுப்பா மாறும்லா, ஸ்டார்ச் இருக்குறதால. மார்த்தாண்டம் பக்கம் ஸ்கூல்ல நாங்க எல்லாரும் செஞ்சதுதான். இதே அயோடின வச்சு ஒரு பால்வினை நோய்க் கிருமிய லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்கன்னு சொன்னா எங்க மைனி நம்பவே மாட்டேங்காவ.

கிருமி பேரு கிளமிடியா. இன்னொரு பால்வினை நோயான கொனோரியாவோட கிருமின்னா சாக்லேட் அகார்ல (அகார்ங்கறது கிருமி வளக்குற கூழ்; சாக்லேட் ஒண்ணும் கெடையாது, சூடாக்குன ரத்தம், நிறத்துக்காக அந்தப் பேரு) ரெண்டு நாள்ல புள்ளி புள்ளியா வளந்துரும். கிளமிடியா எவ்வளவு சத்து போட்டாலும் தட்டுல வளராது. மாமரத்துல ஏறுற புல்லுருவியாவது வெயில்ல தனக்குக் கொஞ்சம் சமைச்சுக்கும், இதுக்கு உயிரோட இருக்குற செல்லுக்குள்ள போனாத்தான் பெருக்கமே. அதனால ரொம்ப நாள் இத வைரஸ்னே நெனச்சாங்க, உண்மையில பாக்டீரியாதான். 1957-ல சீனாவுல டாங் ஃபெய்ஃபான் குழு கருவுள்ள கோழிமுட்டையில வளத்துக் காட்டிச்சு, குப்பியில வளத்த செல்லுக்குள்ள கிருமிய வளக்குற செல் கல்ச்சர் முறை வந்தது 1965-ல.

அதுக்கு மெக்காய் செல்னு ஒண்ண குப்பிக்குள்ள ஒத்த அடுக்கா படர விடுவாங்க. மனுஷனோட மூட்டுல இருந்து எடுத்த செல்லுன்னு நெனச்சிருந்தாங்க, பெறவு பாத்தா எலி செல்! சாம்பிள சும்மா மேல ஊத்துனா கிருமி சரியா ஏறாது, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி செல் மேல அமுக்கணும். அடுத்து சைக்ளோஹெக்சிமைடு போடுவாங்க, இது செல்லோட புரோட்டீன் தயாரிப்ப நிறுத்திரும், கிருமியோட ரைபோசோம் (புரோட்டீன் செய்யிற பட்டறை) வேற மாதிரிங்கதால அத ஒண்ணும் செய்யாது, அப்போ உள்ள கெடக்குற அமினோ அமிலம், அதாவது புரோட்டீனுக்கான மூலப்பொருள், பூரா கிருமிக்குத்தான். வீட்டுக்காரன் அடுப்ப அணைச்சுட்டு அரிசி மூட்டைய வாடகைக்காரனுக்குத் தொறந்து விட்ட கதை. கூட வர்ற மத்த பாக்டீரியாவக் கொல்ல வான்கோமைசின், ஜென்டாமைசின் எல்லாம் உண்டு. பெனிசிலின் மட்டும் ஆகாது, கிளமிடியா ரெண்டா பிரியாம வீங்கிப்போய் நின்னுரும்.

உள்ள நுழையும்போது அது சுமார் 0.3 மைக்ரான்தான். நுழைஞ்சதும் ஒரு மைக்ரான் அளவுக்குப் பெருத்து, ரெண்டு ரெண்டா பிரிஞ்சு, செல்லுக்குள்ளயே ஒரு பை மாதிரி அடைஞ்சு கெடக்கும், திரும்பச் சின்னதாகி 48ல இருந்து 72 மணி நேரத்துல வெளிய வந்து அடுத்த செல்லப் புடிக்கும். அந்தப் பைக்குள்ள கிளைகோஜன் சேந்திருக்கும், நம்ம மரச்சீனி ஸ்டார்ச்சுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா மஞ்சளா தெரியிற செல்லுக்குள்ள செம்பழுப்பா ஒரு திட்டு, அதுதான் ஆளு.

இப்போ டெஸ்டுக்கு கிருமியோட டிஎன்ஏவப் பெருக்கிப் பாக்குற பிசிஆர் மாதிரி முறைங்கதான், சீக்கிரம் முடியும், துல்லியமும் கூட. ஆனா அது செத்த கிருமியோட டிஎன்ஏவையும் காட்டிரும், உயிரோட இருக்கான்னு பாக்கணும்னா இன்னைக்கும் செல்லுல வளத்துத்தான் பாக்கணும்.