ஆர்வம் போய்விட்டதா, கண் முந்திக்கொண்டதா?

‘வரைய முடியவில்லை’ என்று சொல்லி யாரும் என்னிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதில்லை. தூக்கம் வரவில்லை, வேலையில் எரிச்சலாக இருக்கிறது, வீட்டில் சும்மா சும்மா கோபம் வருகிறது என்றுதான் வருவார்கள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, கிளம்புகிற நேரத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்வார்கள்: “முன்னாடி எல்லாம் நல்லா வரைவேன் மேடம். இப்போ வரையணும்னே தோணல.”

உளவியல் ஆலோசகராக இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். கதவருகே நின்று சொல்லப்படுகிற வாக்கியம் பெரும்பாலும் லேசானது இல்லை. அதனால் அடுத்த முறை பேச்சை அங்கிருந்தே தொடங்குவேன். வரைவது என்று எழுதினாலும் பாட்டு, வயலின், கதை, களிமண் வேலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வந்தவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது இதுதான்: “வரைவது மட்டும் பிடிக்காமல் போனதா, எல்லாமே பிடிக்காமல் போனதா?” பாட்டு, சாப்பாடு, நண்பர்களின் கேலி, குழந்தையின் பேச்சு என எதிலும் மனம் ஒட்டாமல், நாளின் பெரும்பகுதி அப்படியே கழிந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால் விஷயம் கலையைப் பற்றியதே இல்லை. மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று அது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஏறக்குறைய இதே சோர்வு வரும். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம். இந்த நிலையில் இருப்பவரிடம் ‘தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஒழுக்கம் வேண்டும்’ என்பது காய்ச்சலில் படுத்திருப்பவரை ஓடச் சொல்வது மாதிரி. அவரை மருத்துவரிடம் அனுப்புவேன். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே அனுப்புவேன்.

இன்னொரு கூட்டம் வேலையால் உறிஞ்சப்பட்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ‘பர்ன்அவுட்’ என்பதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று விளக்கியது: தீராத களைப்பு, வேலை மேல் ஒரு வெறுப்பு அல்லது விலகல், செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற உணர்வு. இவர்களுக்கு பிரஷ் வாங்கித் தருவதால் எதுவும் மாறாது. வேலை நேரத்தைப் பற்றியும் விடுப்பைப் பற்றியும்தான் பேச வேண்டும்.

இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள்தான் அதிகம். நன்றாகச் சிரிப்பார்கள், படம் பார்ப்பார்கள், வேலையையும் ஒழுங்காகச் செய்வார்கள். ஸ்கெட்ச்புக்கைத் திறக்க மட்டும் கை வராது.

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர். வயது நாற்பதை ஒட்டி. கல்லூரிக் காலத்தில் நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க முகங்களாக வரைந்து தள்ளியவர். வேலைக்குப் போனபின் பன்னிரண்டு வருடமாக ஒன்றுமில்லை. நடுவில் மூன்று தடவை நல்ல தாளும் விலை உயர்ந்த வண்ணப் பெட்டியும் வாங்கியிருக்கிறார். மூன்றும் பிரிக்காமல் இருக்கின்றன. “நேரமே இல்ல மேடம்” என்றார். அவருடைய போனில், எதற்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று சேர்ந்து பார்த்தோம். இரவில் ஒன்றரை மணி நேரம் மற்றவர்கள் வரைகிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அவருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை என்றேன். ஆசை செத்துப்போனவர் அடுத்தவர் தாளில் பென்சில் ஓடுவதை ஒன்றரை மணி நேரம் பார்க்க மாட்டார்.

அந்த வீடியோக்கள் வேறொரு வேலையும் செய்திருந்தன. பன்னிரண்டு வருடமாக அவருடைய கண் படித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கே நிழல் விழ வேண்டும், தோள் எந்த அளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் இருபது வயதில் தெரிந்ததைவிட இப்போது நன்றாகவே தெரியும். கை மட்டும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பின்னாலும் போயிருக்கலாம். அன்றைக்குக் கண்ணும் கையும் சேர்ந்து நடந்ததால் வரைந்ததெல்லாம் நன்றாகத் தெரிந்தது. இன்றைக்கு மூன்றாவது கோட்டிலேயே கண் பிழையைப் பிடித்துவிடுகிறது. பென்சிலைக் கீழே வைக்கிறார். வைத்துவிட்டு அதற்கு ‘ஆர்வம் போய்விட்டது’ என்று பெயர் சூட்டுகிறார். என் அனுபவத்தில், வேலைக்குப் போகிறவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லும்போது பாதி நேரம் நடந்திருப்பது இதுதான்: கண் முந்திக்கொண்டது.

இதோடு சேர்ந்துகொள்கிற இன்னொன்று, வேலை நமக்குப் பழக்கிவிடுகிற கணக்கு. ஒரு மணி நேரம் போட்டால் கையில் ஏதாவது நிற்க வேண்டும் என்ற கணக்கு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்கு, சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. பரிசு கெடுக்கவில்லை. பரிசுக்காகச் செய்ததுதான் கெடுத்தது.

பெரியவர்களுக்கு அந்தச் சான்றிதழ் பல உருவத்தில் வருகிறது. லைக் ஒன்று. ‘இவ்வளவு அழகா பண்றியே, இதை வித்தா என்ன?’ என்று அன்பாகக் கேட்கிற உறவினர் இன்னொன்று. களிமண்ணில் கம்மல் செய்யும் ஒரு பெண் அப்படித்தான் விற்க ஆரம்பித்தார். ஆர்டர் குவிந்தது. ஒரு வருடம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து, “நல்லாத்தான் போகுது. ஆனா மண்ணைத் தொடவே பிடிக்கல” என்று அழுதார். வியாபாரத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்? பணம் தேவைப்பட்டது, அதில் தப்பும் இல்லை. ஒரு சின்ன டப்பா மண்ணைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அதில் செய்வதை விற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிடிக்காவிட்டால் பிசைந்து மறுபடியும் டப்பாவில் போட்டுவிடலாம். முதல் மாதம் டப்பாவைத் திறக்கவே இல்லை. அதன் பிறகு ஆமையாகச் செய்தார். ஏன் ஆமை என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சரி, நேரம் உண்மையிலேயே ஒரு பிரச்சினை இல்லையா? உண்டு. அதைவிட, கிடைக்கிற நேரத்தில் மனம் வந்து சேராததுதான் பெரிய பிரச்சினை. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அலுவலகத்தில் பதில் போடாத மெயில் ஒன்று தலைக்குள் இருக்கும்போது வெள்ளைத் தாள் முன்னால் உட்கார்ந்தால், தாளில் அந்த மெயில்தான் தெரியும். நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு, சும்மா பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள் என்பேன். அலமாரி மேல் தூசி படிந்த ஒரு வயலின் பெட்டி எனக்கும் இருந்தது. எனக்கு உதவியதும் இந்தச் சீட்டுதான்.

2016-ல் வந்த ஒரு ஆய்வையும் சொல்லலாம். கிரிஜா கைமலும் அவருடன் பணியாற்றியவர்களும் 39 பெரியவர்களை 45 நிமிடம் எதையாவது வரையவோ ஒட்டவோ மண்ணில் செய்யவோ விட்டு, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்தது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. அதனால் ‘கலை மருந்து’ என்று இதை வைத்துக்கொண்டு நான் கொடி பிடிக்க மாட்டேன். எனக்குப் பயன்படுவது அதில் உள்ள வேறொரு விஷயம்: முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஊக்கக் கதைகளை மட்டும் நான் சொல்வதில்லை. பாரிஸில் வரி வசூலிக்கும் ஊழியராக இருந்துகொண்டே ஓவியரான ஹென்றி ரூசோ 1893-ல், 49 வயதில் தான் அந்த வேலையை விட்டார் என்பது உண்மை. ஆனால் களைத்துப்போனவரிடம் இதைச் சொன்னால், ஒப்பிட்டு நொந்துகொள்ள அவருக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறார். அவ்வளவுதான்.

கணக்குப் பிரிவு நண்பருக்கு வருவோம். வண்ணப் பெட்டியை அப்படியே இருக்கட்டும் என்றேன். அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள், ஒரு பால்பாயின்ட் பேனா, ஏழு நிமிடம். பேனா ஏன் என்றால் அழிக்க முடியாது; அழிக்க முடியாதபோது திருத்துகிற கண்ணுக்கு வேலை குறைவு. ஓவியப் பள்ளிகளில் உள்ள ஒரு பழைய பயிற்சியையும் சேர்த்துக்கொண்டோம்: தாளைப் பார்க்காமல், எதிரே உள்ள பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு, அதன் விளிம்பில் கண் நகர்கிற வேகத்திலேயே பேனாவையும் நகர்த்துவது. கண்ணுக்கு முழு வேலை கிடைக்கிறது, தீர்ப்புச் சொல்ல மட்டும் நேரம் கிடைப்பதில்லை. முடிந்ததும் பார்த்தால் செருப்பு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பது முன்னாலேயே தெரிவதால் அவமானமும் இல்லை.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தார். பிறகு ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம் வந்து ஒன்பது நாள் விட்டுப்போனது. குற்றவாளி மாதிரி வந்து உட்கார்ந்தார். “எல்லாம் போச்சு மேடம், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.” பழக்கங்களைப் பற்றி ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். ஒரு செயல் தானாக வர ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. “ஒன்பது நாள் விட்டா?” என்றார், கணக்குக்காரர் ஆயிற்றே. அதை அவர்கள் ஆராயவில்லை, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன்.

நான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் உள்ளே வரும்போதே முகம் சுளித்திருந்தது. தூக்கத்தைப் பற்றியும் பேசவில்லை, அலுவலகத்தைப் பற்றியும் பேசவில்லை. “கை வரவே மாட்டேங்குது மேடம். கப்பைப் பிடிச்ச மாதிரி வரையப் பார்த்தா, கட்டை விரல் எங்கேயோ போயிடுது. நேத்து மட்டும் ஆறு தடவை” என்று தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மேஜையில் இருந்த கப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.