ரெசொனன்ஸ்: ஒலியிலிருந்து துகளுக்கு வந்த சொல்

துகள் இயற்பியலைத் தமிழில் எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘1232 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள ஒத்ததிர்வு’ என்று எழுதிவிட்டு, எழுதியவரே திகைப்பார். (மெகா எலெக்ட்ரான் வோல்ட் என்பது துகளின் ஆற்றலையும் நிறையையும் சொல்லும் அலகு.) அதிர்வுக்கு ஏது நிறை? பிழை மொழிபெயர்ப்பில் இல்லை. மிகச் சொற்ப நேரமே வாழும் துகளுக்கு ஆங்கிலத்திலும் ‘ரெசொனன்ஸ்’ என்றுதான் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் மீண்டும், ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். எதிரொலி என்பதே பழைய பொருள். ஒரு பொருளின் இயல்பான அதிர்வெண்ணோடு வெளியிலிருந்து வரும் அதிர்வு பொருந்தி ஒலி ஓங்குவதை அது பிற்பாடு குறிக்கத் தொடங்கியது.

பள்ளி ஆய்வகத்தில் பலரும் இதைச் செய்திருப்போம். தண்ணீர் நிரம்பிய குழாயின் வாயருகே அதிரும் இசைக்கவையைப் பிடித்துக்கொண்டு, நீர்மட்டத்தை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முதலில் வெறும் முனகல். குறிப்பிட்ட ஒரு மட்டம் வந்ததும் குழாய் திடீரென்று முழங்கும். இன்னும் சற்று இறக்கினால் அடங்கிவிடும். நீர்மட்டத்துக்கு ஏற்ப ஒலியின் வலு மாறுவதை வரைந்து பார்த்தால், ஒரு முகடு எழும்பியிருக்கும். துகளுக்கு இந்தப் பெயர் வந்ததற்கு அந்த முகடே காரணம்.

1952இல் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மியின் குழு, புரோட்டானைவிட லேசான ‘பையான்’ என்னும் துகள்களின் கற்றையை ஹைட்ரஜன்மீது செலுத்தியது. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒற்றைப் புரோட்டான். பையான்களின் ஆற்றலைக் கூட்டக் கூட்ட, அவை புரோட்டானில் பட்டுச் சிதறுவது மளமளவென்று ஏறியது. முகட்டின் ஏற்றம் தெரிந்தது. இறக்கத்தைத் தெளிவாகக் காட்ட அந்த முடுக்கிக்கு ஆற்றல் போதவில்லை. பின்வந்த சோதனைகள் அதையும் காட்டின. பையானும் புரோட்டானும் கூடி ‘டெல்டா’ என்ற துகளாகி, ஆன வேகத்திலேயே சிதைந்துவிடுகின்றன. அதன் ஆயுளைச் சொல்ல வேண்டுமானால், ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மீண்டும் கோடியால், மறுபடியும் கோடியால் வகுத்து, கடைசியில் ஆயிரத்தால் வகுத்தால் வருவதைப் போல ஐந்தாறு மடங்கு. அந்த நேரத்தில் ஒளியால்கூட ஒரு புரோட்டானின் குறுக்களவைத்தான் கடக்க முடியும். இத்தகைய துகள் எந்தக் கருவியிலும் தடம் பதிக்காது. வரைபடத்தில் எழும் முகடுதான் அது இருந்ததற்குச் சாட்சி.

முகட்டின் அகலமும் பேசும். தவிலில் விழும் ஒற்றைத் தட்டுக்குத் துல்லியமாகச் சுருதி சொல்ல முடியாது. நீண்டு ஒலிக்கும் தம்புராத் தந்திக்குச் சொல்லலாம். துகளும் அப்படித்தான். ஆயுள் குறையக் குறைய நிறை ஓரிடத்தில் நிற்காமல் பரவும், முகடு அகலும். டெல்டாவின் அகலம் ஏறத்தாழ 117 மெகா எலெக்ட்ரான் வோல்ட்.

இதற்கு நேர்மாறான முகடு 1974 நவம்பரில் வந்தது. கலிஃபோர்னியாவின் ‘ஸ்பியர்’ மோதுவியில் எலெக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் எதிரெதிரே மோதிக்கொண்டிருந்தன. ஆற்றலை 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட் படிகளில் ஏற்றி அளந்த காலத்தில் அது படிகளின் இடைவெளியில் ஒளிந்திருந்தது. நுண்ணிய படிகளில் திரும்ப அளந்தபோது, 3.1 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே மோதல்களின் விளைச்சல் நூறு மடங்குக்கும் மேல் எகிறியது. நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங்கின் குழு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. புரோட்டான்களைப் பெரிலியத்தில் மோதவிட்டு, வெளிவந்த எலெக்ட்ரான்–பாசிட்ரான் சோடிகளின் ஆற்றலையும் உந்தத்தையும் கொண்டு, அவற்றை ஈன்ற தாய்த் துகளின் நிறையைக் கணக்கிட்டது. பிள்ளைகளை வைத்துத் தாயை அடையாளம் காணும் இந்த முறைதான் இன்றும் மோதுவிகளின் அன்றாட வேலை. ஒரு குழு ‘ஜே’ என்றது, மற்றது ‘சை’ என்றது. விட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் ‘ஜே/சை’ என்ற இரட்டைப் பெயரே நிலைத்தது. அதன் அகலம் 0.09 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான். அதாவது டெல்டாவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்ட ஆயுள். இவ்வளவு ஒடுங்கிய முகட்டுக்கு விளக்கம் தேடியபோது, புரோட்டான் போன்ற துகள்களுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளில் ‘சார்ம்’ என்ற நான்காவது வகை உறுதியானது. 1976இல் ஸ்பியர் குழுவின் தலைவர் பர்ட்டன் ரிக்டருக்கும் டிங்குக்கும் நோபல் பரிசு.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் ‘ஒத்ததிர்வு’ என்கிறது. வேதியியல் பாடநூலோ பென்சீனைப் பற்றிப் பேசும்போது அதே ஆங்கிலச் சொல்லை ‘உடனிசைவு’ என்கிறது. ஒரே மாணவர் ஒரே நாளில் இரண்டையும் படிக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் நடு எழுத்தும் இந்தச் சொல்தான் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இலங்கையில் ‘பரிவு’ என்று வழங்குகிறார்கள். ஒரு தந்தி அதிர, தொடாத தந்தியும் கூடவே அதிர்வதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

என் கணக்கில், நிகழ்வுக்கு ‘ஒத்ததிர்வு’ போதும்; வரைபடத்தில் எழுவது ‘ஒத்ததிர்வு முகடு’; நிறையோடும் பெயரோடும் பேசப்படும்போது மட்டும் ‘ஒத்ததிர்வுத் துகள்’ என்று முழுதாக எழுத வேண்டும். ‘பரிவுத் துகள்’ இன்னும் கச்சிதம்தான். ஆனால் இரக்கமுள்ள துகள் போலிருக்கிறது என்று மதுரை வாசகர் நினைத்துவிடுவார். யாழ்ப்பாணத்து மாணவர் நினைக்க மாட்டார்.