கேர்கிவர் கார்டில் கையொப்பமிடும் முன்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. அமெரிக்கக் குடியுரிமை மனுவைச் சரிபார்க்க வழக்கறிஞரான என்னிடம் வந்த ஒரு தமிழர், இணைப்பு ஆவணங்களின் உறையிலிருந்து மிச்சிகன் மாநிலம் வழங்கிய மருத்துவக் கஞ்சாப் பராமரிப்பாளர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய், கீமோவுக்குப் பிறகு ஒரு வாய்க் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று மருமகனான இவர் தம்மைப் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொண்டு, நிலவறையில் செடியும் வளர்த்துக் கொடுத்திருக்கிறார். "இதையும் இணைத்துவிடலாமா மேடம், குடும்பத்தைப் பொறுப்பாகக் கவனிக்கிறேன் என்பதற்கு நல்ல சான்றுதானே?" என்று கேட்டார். குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குச் சான்று என்று அவர் நினைத்த அந்த அட்டைதான், குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் நன்னடத்தை இல்லை என்பதற்கான ஆவணம். அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

மிச்சிகனின் மருத்துவக் கஞ்சாச் சட்டம் 2008 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதன்படி, நோயாளிதான் தம் விண்ணப்பத்தில் பராமரிப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு பராமரிப்பாளர், ஒரு பராமரிப்பாளருக்கு அதிகபட்சம் ஐந்து நோயாளிகள். பராமரிப்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் எந்தப் பெருங்குற்றத்துக்கும், வாழ்நாளில் எப்போதுமே போதைப்பொருள் அல்லது வன்தாக்குதல் தொடர்பான பெருங்குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது. நோயாளி அனுமதித்தால், அவருக்காக 12 செடிகள் வரை பூட்டிய இடத்தில் வளர்க்கலாம். பயன்பாட்டுக்குத் தயாரான கஞ்சா இரண்டரை அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம். நோயாளி 18 வயதுக்குக் குறைந்தவரானால் இரண்டு மருத்துவர்களின் சான்றும், பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ பராமரிப்பாளராக இருப்பதும் கட்டாயம். படிவத்தை நிரப்புவது எளிது. அந்த எளிமைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

மாநிலத்துக்குள்ளேயேகூட அட்டை ஒரு முழுக் கவசம் அன்று. அட்டை கையில் இருப்பதாலேயே வழக்கிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது, சட்டத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் நிறைவேற்றியதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2015இல் ஹார்ட்விக் வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. பதின்மூன்றாவது செடி முளைத்த வீட்டுக்காரர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் வாதத்துக்கு வருகிறேன். "அரசாங்கமே அட்டை கொடுத்திருக்கிறது, பிறகென்ன?" எந்த அரசாங்கம் என்பதுதான் கேள்வி. அட்டையைக் கொடுத்தது மாநில அரசு. உங்கள் விசாவையும் கிரீன் கார்டையும் குடியுரிமையையும் தீர்மானிப்பது கூட்டாட்சி அரசு. 1970ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தின் கீழ் வருவது கஞ்சா. குடிவரவுச் சட்டம் அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தைத்தான் பார்க்கும், மிச்சிகன் தலைநகர் லான்சிங்கில் என்ன நிறைவேற்றினார்கள் என்று பார்க்காது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், மருத்துவக் காரணமே இருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல்கள் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியுரிமை, குடிவரவுச் சேவைகள் துறை 2019 ஏப்ரல் 19 அன்று தன் கொள்கைக் கையேட்டிலேயே எழுதிவைத்துவிட்டது. இது வதந்தி அன்று, வழக்கறிஞர்கள் கட்டணத்துக்காகக் காட்டும் பூச்சாண்டியும் அன்று.

கஞ்சாவை அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற, கூட்டாட்சி அரசின் நீதித்துறை (Department of Justice) 2024 மே மாதத்தில் முன்மொழிந்ததிலிருந்து, "அதுதான் மாறிவிட்டதே" என்றும் சிலர் சொல்கிறார்கள். எந்தப் பட்டியலில் இருந்தாலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். பட்டியலின் எண்ணை வைத்துக் குடிவரவுச் சட்டம் சலுகை தருவதில்லை. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களில் தலையிட நிதியைச் செலவிடக் கூடாது என்று 2014 டிசம்பர் முதல் நாடாளுமன்றம் விதித்துவரும் கட்டுப்பாட்டைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தக் கட்டுப்பாடு நீதித்துறையின் பணப்பைக்குப் போட்ட பூட்டு. உங்கள் மனுவைப் பரிசீலிப்பதோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை.

"நான் ஒரு இழுப்புகூட இழுத்ததில்லை மேடம், எல்லாம் அம்மாவுக்காகத்தான்" என்பது அடுத்தது. இதைச் சொல்பவர்களின் நேர்மையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், குடிவரவுச் சட்டத்தைப் பொறுத்தவரை நீங்களே புகைத்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம் என்று சொல்ல வேண்டிய நிலையில் நான் இருக்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு மிகாமல் ஒரே ஒரு முறை வைத்திருந்தவருக்குச் சட்டத்தில் ஒரு சிறு சலுகை உண்டு. பராமரிப்பாளரிடம் இருப்பது சொந்தப் பயன்பாட்டுக்கானது அன்று. மாநிலம் அனுமதிக்கும் இரண்டரை அவுன்ஸோ ஏறத்தாழ 71 கிராம். மேலும், செடி வளர்ப்பது உற்பத்தி, மாமியாரின் கையில் கொடுப்பது விநியோகம். இந்தச் சொற்கள் கடத்தல் என்ற தலைப்பின் கீழ் வருபவை; அந்தத் தலைப்பில் தண்டனை இல்லாவிட்டாலும், அதிகாரி நம்புவதற்குக் காரணம் இருந்தாலே நாட்டுக்குள் அனுமதி மறுக்கப்படலாம். அன்பின் பெயரால் செய்த வேலை சட்டத்தின் மிகக் கடுமையான சொல்லுக்குள் போய் விழுந்துவிடுகிறது.

"பதிவேடு இரகசியம்தானே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களுக்கு: நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். குடியுரிமை மனுவில், கட்டுப்படுத்தப்பட்ட பொருளை எப்போதாவது வளர்த்ததுண்டா, தயாரித்ததுண்டா, விநியோகித்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கான விடையை நேர்காணலில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "இல்லை" என்று பொய் சொன்னால், அந்தப் பொய்யே நன்னடத்தைக்குத் தனியொரு தடை. எல்லையில் கைப்பேசியைத் திறந்து பார்க்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. செடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கறிவேப்பிலைச் செடியின் படத்துக்குப் பக்கத்தில் இதையும் போட்ட ஒருவரை நான் அறிவேன். தயவுசெய்து போடாதீர்கள்.

ஆகவே, இன்னும் குடியுரிமை பெறாதவர் எவரும், எந்த விசாவில் இருந்தாலும், கிரீன் கார்டே வைத்திருந்தாலும், பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டாம். குடும்பத்தில் 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ இருந்தால் அந்தப் பொறுப்பை அவர் ஏற்கட்டும். அவரும் வீட்டில் வளர்க்காமல், உரிமம் பெற்ற கடையில் வாங்கி வருவது நல்லது. ஒரே கூரையின் கீழ் 12 செடிகளை வைத்துக்கொண்டு, சாவி என்னிடம் இல்லை என்று அதிகாரியிடம் விளக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். குடிமக்களாக இருந்தாலும், கூட்டாட்சி அரசுப் பணியிலோ பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலையிலோ இருப்பவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியே கிரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோராக இருந்தால், அவருக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் சென்னையில் தங்கிவிட்டுத் திரும்பும் அம்மாவை, புதிதாக நுழைவு கேட்பவராகவே சட்டம் நடத்தும். அமெரிக்க விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பரிவோடு பேச்சுக்கொடுத்து மருந்துகளைப் பற்றி விசாரித்தால், அம்மா மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நம் அம்மாக்கள் அப்படித்தான்.

இத்தனை பேர் வந்தும், "டிரோனபினால் பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டீர்களா?" என்ற என் கேள்விக்கு ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை. கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளையே செயற்கையாகத் தயாரித்து மாத்திரையாகத் தரும் இந்த மருந்து, கீமோவால் வரும் குமட்டலுக்காக 1985இலேயே கூட்டாட்சி அரசின் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் சீட்டு எழுதுவார், மருந்துக்கடையில் வாங்கலாம், குடிவரவுச் சிக்கல் கிடையாது. அது உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கஞ்சா சார்ந்த எதையும் தாமாகத் தொடங்கவே கூடாது. வழக்கறிஞர் மருந்து சொல்வது முறையன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் இருக்கிறார்களே.

கஞ்சா மிட்டாயையும் எண்ணெயையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். டெட்ராய்ட்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் விண்ட்சர். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படியானது என்றாலும், எல்லையைக் கடந்து எந்தத் திசையில் எடுத்துச் சென்றாலும் குற்றம். இந்தியாவுக்குள் கொண்டுபோனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. மிச்சிகன் அட்டைக்கு மீனம்பாக்கத்தில் எந்த மதிப்பும் இல்லை.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் பதற வேண்டாம், அதேநேரம் எதையும் தாமாகச் செய்யவும் வேண்டாம். பதிவை நீக்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடாது. குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பொதுவாகக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கும், குடிமகனையோ குடிமகளையோ மணந்து அந்த வழியில் மனுச் செய்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் கணக்கிடுவார்கள் என்பதால், எப்போது மனுப் போடுவது என்பதே பெரிய முடிவு. ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கும்வரை மனுப் போடாதீர்கள், நாட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், எந்த அதிகாரியிடமும் பொய் சொல்லாதீர்கள். அன்று வந்தவரின் மனுவை நான் அனுப்பவில்லை. டிசம்பரில் தங்கையின் திருமணத்துக்காகத் திருச்சிக்கு அவர் எடுத்திருந்த விமானச் சீட்டையும் ரத்து செய்யச் சொன்னேன்.