சொல் விளக்கம்: கெம்பா

ஜெர்மனியில், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தைப் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர் பந்தைத் தடுப்பாளர்களின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போடுகிறார். பந்து போகும் இடத்தில் யாருமே இல்லை. 'போச்சு' என்று நீங்கள் நினைக்கும் அதே நொடியில் எங்கிருந்தோ ஒருவர் எம்பி வந்து அந்தரத்திலேயே பந்தைப் பிடிக்கிறார், கால் தரைக்கு வருவதற்குள் கோலுக்குள் அடித்துவிடுகிறார். அரங்கமே 'கெம்பா!' என்று கத்துகிறது.

கத்துவது ஒரு மனிதரின் பெயரை. ஆனால் அந்த மனிதரை நினைத்து யாரும் கத்தவில்லை. அது பொதுச்சொல்லாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

முதலில் ஒலிப்பு. ஜெர்மானியர் சொல்வது 'கெம்ப்பா', பகரத்தை அழுத்தி. நாம் 'கெம்பா' என்று எழுதியதுமே தமிழின் இயல்புப்படி அது 'கம்பு', 'வம்பு' போல மெலிந்துவிடுகிறது. பரவாயில்லை, வந்த சொல் வந்த இடத்து வழக்கப்படி நடக்கட்டும். நகைக்கடைக் கெம்புக்கும் பெங்களூரின் கெம்பே கவுடாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'எம்பு' என்ற தமிழ் வினையிலிருந்து போனது என்று யாராவது கிளப்பிவிடும் முன் சொல்லிவிடுகிறேன்: அதுவும் இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பெயருக்கு உரியவர் பெர்ன்ஹார்ட் கெம்பா. 1920இல் ஓப்பெல்ன் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் ஓப்போலே. குடும்பப் பெயரும் போலிய மொழி வேர் கொண்டதுதான். அம்மொழியில் 'கெம்ப்ப' என்பது போல ஒலிக்கும் சொல்லுக்கு மரக்கூட்டம், ஆற்றின் நடுவே மேடிட்ட திட்டு என்று பொருள். கொள்ளிடக் கரைக்காரர்கள் 'திட்டு' என்பார்களே, அதேதான்.

போருக்குப் பின் ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே உள்ள கோப்பிங்கன் நகரின் ஃபிரிஷ் அவுஃப் அணியில் ஆடினார். அன்று ஜெர்மனியில் ஹேண்ட்பால் என்றால் கால்பந்துத் திடலில், பக்கத்துக்கு 11 பேராக ஆடுவது. அந்த வகையில் 1952, 1955 இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற ஜெர்மன் அணியில் அவர் இருந்தார். 7 பேர் ஆடும் உள்ளரங்க ஆட்டம் பெரிய அளவில் வளர்ந்தது அப்புறம்தான். அதில் அப்போது ஸ்வீடன்தான் ராஜா. 1954 ஜனவரியில் உள்ளரங்க உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 17-14 என்று வீழ்த்தியது.

அதே ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, கார்ல்ஸ்ரூஹ நகரில், அதே ஸ்வீடனுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில்தான் இந்த வித்தை முதன்முதலாக அரங்கேறியது.

வித்தையின் உயிர் விதியில் இருக்கிறது. கோலுக்கு முன்னால் 6 மீட்டர் தள்ளி ஒரு வளைகோடு உண்டு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் தடை தரைக்குத்தான், காற்றுக்கு இல்லை. கோட்டுக்கு வெளியே எம்பியவர், உள்ளே மிதக்கும் வரை குற்றவாளி இல்லை. தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால் கோல் செல்லும். விதிப்புத்தகத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கெம்பா அந்தரத்தைப் பார்த்திருக்கிறார். எனக்கு அவருடைய இரண்டு உலகக் கோப்பைகளைவிட இந்த வாசிப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

தொடக்கத்தில் 'கெம்பா ட்ரிக்' என்றார்கள். 'ட்ரிக்' ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு வந்தது. அதற்கும் முன்னே பழைய பிரெஞ்சில் ஏமாற்று என்ற பொருளில் இருந்தது. நாளாக ஆக வால் உதிர்ந்து 'ஒரு கெம்பா ஆடினான்' என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'குங்ஃபூ' என்கிறார்கள். காலைத் தூக்கிப் பறந்து வருவதைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். மணற்கரையில் ஆடும் பீச் ஹேண்ட்பாலில் இப்படிப் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி.

கெம்பா பின்னாளில் கோப்பிங்கனுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். அந்த அணி 1960இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. வயதான பிறகு மூத்தோர் டென்னிஸிலும் பட்டங்கள் வாங்கினார். 2017இல் 96 வயதில் காலமானார். காலணிக்கும் பந்துக்கும்கூட அவர் பெயரில் ஒரு பிராண்டு இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆட்டத்தின் பெயரிலேயே நமக்குத் தகராறு. 'கைப்பந்து' என்றால் நம் செய்தித்தாள்களில் வாலிபால். 'எறிபந்து' என்றால் பள்ளிக்கூடத்தில் த்ரோபால். நேராக மொழிபெயர்த்தால் வந்திருக்க வேண்டிய பெயரை இன்னொரு ஆட்டம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் இங்கே ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.

வித்தைக்கு வருவோம். 'எம்பெறி' என்று முதலில் தோன்றியது. எம்பி எறிவது, கெம்பாவோடு எதுகையும் சேர்கிறது. ஆனால் கையில் பந்தோடு எம்பி எறிவது ஹேண்ட்பாலில் அன்றாடக் காரியம், அதற்குத்தான் இந்தச் சொல் சரி. கெம்பாவில் எம்பும்போது கை காலி. பிடிப்பதும் எறிவதும் காற்றில் நடக்கின்றன. அதனால் 'அந்தரவீச்சு' என்பது என் தேர்வு. அந்தரத்தில் தொங்குவது முதல் அந்தர்பல்டி வரை தெரிந்த நமக்கு விளக்கம் தேவைப்படாது. 'அந்தரம்' வடசொல் ஆயிற்றே என்பவர்கள் 'பறவீச்சு' என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது நாக்கில் ஒட்டவில்லை.

இதிலேயே இன்னொரு படி உண்டு: இரட்டைக் கெம்பா. அந்தரத்தில் பந்தைப் பிடித்தவர் தான் எறியாமல், அதே நேரம் எம்பிய இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார். எறிவது அவர் வேலை. அந்த நடுவான ஒப்படைப்புக்கு 'அந்தரக் கைமாற்று' என்று பெயர் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் வாங்கும் கைமாற்றைப் போல இதையும் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, கால் தரையில் படுவதற்குள் தீர்த்துவிட வேண்டும்.