‘முட்டை சரியில்லை, டோனர் பார்க்கலாம்’ என்றால்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கருத்தரிப்பு மையத்தின் ரிசப்ஷனில் ஒரு கட்டுக் காகிதத்தை முன்னால் வைப்பார்கள். முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி. “சீக்கிரம் போட்டுக் குடுங்கம்மா, டாக்டர் வெயிட் பண்றாங்க.” அந்தக் கட்டின் நடுவே, வேறொரு பெண்ணின் (டோனர் என்பது இவரைத்தான்) கருமுட்டையைப் பயன்படுத்தச் சம்மதம் என்கிற தாளும் இருந்தது தெரியாமலே கையெழுத்திட்ட தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் கட்டுப்படுத்தத்தான் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2021 இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. வாரியம், பதிவேடு, துணைக்குழு கதையெல்லாம் நமக்கு வேண்டாம். நம் பணமும் உடம்பும் மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்ப்போம்.

முதலில் ஏஎம்எச் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அந்த எண் குறைவாக இருந்தாலே ‘முட்டைத் தரம் மோசம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஏஎம்எச் காட்டுவது கருப்பையில் அல்ல, சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளின் அளவைத்தான், அதுவும் தோராயமாக. தரத்தை நேரடியாக அளக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தரத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வயது: 35க்கு மேல் சரிகிறது, 40ஐத் தாண்டினால் வேகமாகச் சரிகிறது. 43 வயதில் டாக்டர் டோனர் பேச்சை எடுத்தால் அதில் நியாயம் இருக்கலாம். 30 வயதில், சொந்த முட்டையில் ஒரு முயற்சிகூடச் செய்யாமல் டோனர் என்றால், காரணத்தை எழுதிக் கேளுங்கள். சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் விளக்க வேண்டியது மையத்தின் சட்டக் கடமை. எழுதித் தரத் தயங்கினால், ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போங்கள். முட்டைத் தரத்தைக் கூட்டும் என்று விற்கும் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு அந்த ஃபீஸுக்கு ஆகும்.

அடுத்தது வயது வரம்பு. பெண் 21க்கு மேல், 50க்குள். ஆண் 21க்கு மேல், 55க்குள். பார்ப்பதற்கு எளிது, ஆனால் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும், கல்யாணப் பத்திரத்தில் இனிஷியல் மாறியிருக்கும். பாதி சிகிச்சையில் ‘இதைத் திருத்திட்டு வாங்க’ என்று அனுப்புவார்கள். ஊசி போட ஆரம்பித்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க முடியாது. முதல் ஆலோசனைக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். மனைவிக்கு 46, கணவருக்கு 55 கடந்துவிட்டது என்றால் பல மையங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. இப்படிப்பட்ட ஒரு தம்பதிக்கு 2024இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அனுமதி அளித்திருக்கிறது. ஒரு வக்கீலிடம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

சரி, டோனர்தான் வழி என்று முடிவாகிவிட்டது. கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், அதுவும் 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. எனவே ‘15 முட்டை கியாரண்டி’ என்று பேக்கேஜ் விற்றால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஒருவரின் முட்டை ஒரே தம்பதிக்குத்தான், இரண்டு பேருக்குப் பங்குபோடக் கூடாது. டோனரைத் தர வேண்டியது தனியாகப் பதிவுபெற்ற கருமுட்டை வங்கி மட்டுமே. ‘எங்க ஆளே இருக்காங்க’ என்று மையமே சொன்னால், வங்கியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தங்கையைக் கூட்டிப்போய் நிறுத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

டோனருக்கு 12 மாதக் காப்பீடு எடுப்பது முட்டை பெறும் தம்பதியின் பொறுப்பு. மாஜிஸ்திரேட் அல்லது நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. ‘நாங்களே பாத்துக்குறோம்’ என்று பில்லில் ஒரு தொகை சேர்ப்பார்கள். பாலிசி நகலைக் காட்டச் சொன்னால்தான் தெரியும், பாலிசி இருக்கிறதா இல்லையா என்று. உங்கள் சொந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் இதற்கெல்லாம் பணம் தரும் என்று நம்பி இறங்க வேண்டாம். குழந்தையின்மைச் சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில்தான் கிடக்கிறது.

முட்டை கொடுக்கப் போகும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. புரோக்கர் ஆதாரைக் கேட்டால் கொடுக்காதீர்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்த வழக்கில், வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார்தான் பயன்பட்டது. முட்டையை விற்பது குற்றம். முதல் முறைக்கே 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கையெழுத்திட்டுவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கரு கருப்பைக்குள் வைக்கப்படும்வரை தம்பதியில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு டிஸ்சார்ஜ் சான்றிதழ் தர வேண்டியதும் அவர்கள் கடமை. அது இல்லாமல் அடுத்த மையத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட், மறுபடி பணம்.

புகார் என்று வந்தால் அலைச்சல் ஆரம்பம். போலீஸ் ஸ்டேஷனில் ‘ஹெல்த் டிபார்ட்மெண்ட்டுக்குப் போங்க’ என்பார்கள், அங்கே ‘மையத்திலேயே பேசுங்க’ என்பார்கள். இந்தச் சட்டத்தின்படி தேசிய அல்லது மாநில வாரியமோ, அது அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்தில் புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். பாதிக்கப்பட்டவர் நேராகப் போக முடியாதபடி ஏன் எழுதினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருந்தாக வேண்டும். முதல் மனுவை அங்கே கொடுத்து, ஒப்புகை வாங்கி, அதன் நகலோடு மாநில வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்தை அங்கே நிரூபிப்பது கஷ்டம், அதனால் ஜிபேயிலோ செக்கிலோ மட்டும் கட்டுங்கள்.