பேணிக்குள் கிடக்கும் குளிசையும் மருந்துப் பதிவுச் சட்டமும்

மூதூரிலும் கிண்ணியாவிலும், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் கொண்டுவந்த குளிசை அட்டைகளைப் பழைய பிஸ்கட் பேணியில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் பல. பெயர் அச்சிட்ட ஓரம் வெட்டுப்பட்டு, இரண்டு குளிசை மட்டும் எஞ்சியிருக்கும் அட்டை எந்த நோய்க்கு வாங்கியது என்பது வீட்டாருக்கே மறந்துபோயிருக்கும்.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின்படி, அந்த அதிகாரசபையில் பதிவு செய்யப்படாத மருந்தை இலங்கையில் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. உயிர் காக்கும் அவசரத் தேவை போன்ற விசேட சந்தர்ப்பங்களில் மட்டும் தனி அனுமதி கிடைக்கும்.

இந்த விதி வெறும் அலுவலகச் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு டெர்ஃபெனடினை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வாமைக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் குளிசையைக் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி (மருந்தை வேறு பொருளாக மாற்றும் புரதம்) ஃபெக்ஸோஃபெனடினாக மாற்றிவிடும். தும்மலை அடக்கியது பெரும்பாலும் இந்த மாறிய பொருளே. ஆனால் பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோலையோ பக்டீரியாத் தொற்றுக்கான எரித்ரோமைசினையோ கூடவே எடுத்தவரின் உடலில் அந்த நொதி முடங்க, மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி, இதயத்தசைக் கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைத்தது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகி, துடிப்பு தாறுமாறாகிச் சிலர் உயிரிழந்தனர். 1998 இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. ஃபெக்ஸோஃபெனடின் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நிறுத்தப்பட்ட மருந்தெல்லாம் நஞ்சு என்று அஞ்சவும் வேண்டியதில்லை. விற்பனை குறைந்து கைவிடப்பட்டவையும் உண்டு.

ஆய்வு நிலையிலுள்ள மருந்தின் கதை வேறு. அது உடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எந்த நொதியால் சிதைகிறது, எத்தனை மணி நேரத்தில் வெளியேறுகிறது என்பவையே அங்கு இன்னும் அறியப்பட வேண்டியவை. ஆகவே அதிகாரசபையின் அனுமதியும் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் இசைவும் இன்றி அத்தகைய மருந்தை மனிதரில் சோதிக்கும் ஆய்வை நடத்த இயலாது. உங்களை அதில் சேரக் கேட்டால், விளக்கத்தையும் சம்மதப் படிவத்தையும் தமிழிலேயே கேளுங்கள். சேர மறுத்தாலும், இடையில் காரணம் சொல்லாமல் விலகினாலும், உங்கள் வழமையான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

பேணியில் கிடப்பது பதிவான மருந்தா, நிறுத்தப்பட்டதா என்பது வீட்டில் தெரியாது. ஆகவே அடுத்த முறை கிளினிக் செல்லும்போது கொப்பியுடன் அந்தப் பேணியையும் கொண்டு சென்று, உள்ளே இருப்பவற்றை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.